விதையில்லா மீன்

இந்த வருஷம் குட்டையில் என்ன மீன் விடுவது என்று எங்க வீட்டில் ஒரு மாசமாகப் பேச்சு ஓடுகிறது. மகன் திலாப்பியா விடலாம் என்கிறான். "ஆறு மாசத்துல அரைக் கிலோ வருதுப்பா. கட்லாவுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்" என்று நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். கணக்கில் தப்பில்லை. என் தயக்கமெல்லாம் குட்டைக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பற்றித்தான்.

நகரத்தில் இருக்கிறவங்களுக்கு எங்க நிலம் இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் இது புரியும். கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வந்து நின்றால் மேற்கே கல்வராயன் மலை சுவர் மாதிரி தெரியும். அந்தப் பக்கத்து மலைச்சரிவில் பெய்கிற மழை சின்னச் சின்ன ஓடையாக இறங்கி கோமுகி அணைக்கு வருகிறது. 46 அடி அணை. அணைக்குக் கீழே எங்களுக்கு நாலு ஏக்கர். கரும்பு, மரவள்ளி, கொஞ்சம் வாழை. மூலையில் பத்து சென்ட்டில் ஒரு பண்ணைக்குட்டை. குட்டையை ஒட்டிப் போகும் ஓடை கோமுகி ஆற்றில் சேரும். கோமுகி மணிமுக்தாவில் சேரும். மணிமுக்தா விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றில் கலக்கும். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடும். எங்க குட்டையில் இருந்து ஒரு மீன் தப்பினால் கடல் வரைக்கும் அதற்கு வழி இருக்கிறது. நடுவில் எத்தனையோ ஏரி, எத்தனையோ வாய்க்கால்.

தப்புமா என்று கேட்பீர்கள். தப்பும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் குட்டை எது, கரும்பு வயல் எது, ஓடை எது என்று தெரியவில்லை. தண்ணி வடிந்தபிறகு வலை போட்டோம். விட்ட கட்லா, ரோகுவில் கால்வாசிகூடத் தேறவில்லை. பக்கத்து நிலத்துப் பெரியப்பா, "உன் மீனை என் கரும்புக்குள்ள பிடிச்சேன்டா" என்று சிரித்துக்கொண்டே ஒரு தூக்கில் குழம்பு கொடுத்து அனுப்பினார்.

நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டம் என்னோடு போயிற்று. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே வடக்கே கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். வெள்ளம் புரண்டு ஓடும் ஆற்றில்தான் முட்டை போடும். நின்ற தண்ணியில், குட்டையில், எவ்வளவு கொழுத்தாலும் போடாது. அதனால்தான் ஒரு காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டிப் பிடித்து வருவார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு, வளர்ப்பில் இருந்த கெண்டைகளையே முட்டை போட வைத்தார். அந்தத் தேதியைத்தான் இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். நான் பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்து வாங்கிவரும் ஒவ்வொரு குஞ்சும் அந்த ஊசியின் வழியில் வந்ததுதான்.

திலாப்பியா அப்படி இல்லை. இரண்டு மூன்று மாசத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஓடுகிற தண்ணி வேண்டாம், வெள்ளம் வேண்டாம், ஊசி வேண்டாம். ஆண் மீன் தரையில் குழி பறிக்கும், பெண் முட்டை போட்டு அதை வாயில் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் ஆபத்து என்றால் மறுபடியும் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குட்டை வைத்திருப்பவனுக்கு அது தலைவலி. ஆயிரம் விட்டால் ஆறு மாசத்தில் பத்தாயிரம் இருக்கும், எல்லாம் விரல் நீளம். போட்ட தவிடும் கடலைப் புண்ணாக்கும் குஞ்சுக்கூட்டத்துக்கே போய்விடும்.

இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை. மொசாம்பிக் திலாப்பியாவை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் பெருகும், ஏழைக்குப் புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணம்தான். தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களில் விட்டார்கள். பெருகியது. அமராவதி அணையில் மற்ற மீனையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு அதுவே ஆண்டது. 1959-லேயே இதை இனிப் பரப்பக்கூடாது என்று தடை வந்துவிட்டது. ஆனால் தடை காகிதத்தில் இருந்தது, மீன் தண்ணியில் இருந்தது. நீங்கள் மார்க்கெட்டில் மலிவாக வாங்குகிற ஜிலேபி, அன்றைக்கு விட்டதன் பேரன் பேத்திகள்தான்.

என் மகன் சொல்வது அந்த ஜிலேபி இல்லை, கிஃப்ட் திலாப்பியா. பெயர் பரிசு மாதிரி இருந்தாலும் அது ஒரு ஆங்கிலச் சுருக்கம். மரபியல் முறையில் மேம்படுத்தின பண்ணைத் திலாப்பியா என்று பொருள். 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளில் இருந்து நைல் திலாப்பியாவைக் கொண்டுவந்து, ஆசியப் பண்ணை ரகங்களோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்வதை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். நம்ம பாட்டன் விதைநெல் பொறுக்கிய முறைதான். மரபணுவை வெட்டி ஒட்டிய வேலை இல்லை. இங்கே சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இதை இந்தியாவில் பெருக்கியது. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்திலும் குஞ்சு தயாராகிறது. அரசு விதிமுறையும் உண்டு: மீன்வளத் துறை அனுமதி வாங்க வேண்டும், தண்ணி வரும் வழி போகும் வழி இரண்டிலும் வலை இருக்க வேண்டும், ஆண் குஞ்சு மட்டுமோ இனப்பெருக்கம் செய்யாத குஞ்சு மட்டுமோதான் விட வேண்டும்.

"ஆண் மட்டும்தானே விடப்போறோம், அப்புறம் என்னப்பா பயம்?" என்பது மகன் வாதம். குஞ்சு விற்பவரும் அதையேதான் சொன்னார். "எல்லாம் ஆண் சார், குஞ்சே போடாது."

இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பொரித்த குஞ்சுக்குத் தீவனத்தில் மூன்று வாரம் போல மீத்தைல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுப்பார்கள். பெண்ணாக வேண்டியதும் ஆணாக மாறிவிடும். சின்னக் குஞ்சாக இருக்கும்போதே ஹார்மோனை நிறுத்திவிடுவதால் ஆறு மாசம் கழித்து உங்கள் தட்டுக்கு வரும் மீனில் அது இருக்காது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இந்த முறை நூற்றுக்கு நூறு பலிக்காது. எங்க குட்டையில் 1,200 குஞ்சு விடுகிறோம் என்று வையுங்கள். நூற்றுக்கு இரண்டு தப்பினாலும் 24 பெண் மீன். அது முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரிசு. ஆண் என்றால் இனப்பெருக்கம் செய்யாதது என்று அர்த்தம் இல்லை. குட்டைக்குள் பெண் இல்லாததால் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். ஓடைக்குப் போய்விட்டால் அங்கே ஜிலேபிப் பெண் இருக்கிறது. நைல் திலாப்பியாவும் மொசாம்பிக் திலாப்பியாவும் தாராளமாகக் கலக்கும். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ ஆற்றில் கலந்து கலந்து, அந்த ஊருக்கே சொந்தமான மொசாம்பிக் இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது. இங்கே கலந்தால், இப்போது விரல் நீளத்திலேயே நின்றுபோகும் ஜிலேபிக்கு வேகமாக வளரும் வாரிசு பிறக்கும். ஓடையில் இருக்கும் அயிரைக்கும் ஆராலுக்கும் குரவைக்கும் அது நல்ல சேதி இல்லை.

அப்படியானால் நிஜமாகவே இனப்பெருக்கம் செய்யாத மீனை உண்டாக்க முடியாதா? முடியும். அதை விளக்க எனக்கு வாழைத்தோட்டமே போதும்.

நாம் சாப்பிடும் பூவன், ரஸ்தாளி, மொந்தன், கடையில் விற்கும் பச்சை வாழை எதிலும் விதை இல்லை. காரணம், சாதாரண உயிருக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி என்றால் இவற்றுக்கு மூன்று தொகுதி. விதை உண்டாக வேண்டுமானால் தொகுதிகள் ஜோடி ஜோடியாகப் பிரிய வேண்டும். மூன்று பேர் எப்படி ஜோடி சேர்வது? அதனால் விதை கட்டாது. வாழைக்கு இது இயற்கையிலேயே நடந்தது, நம்ம ஆட்கள் பக்கக்கன்றை எடுத்து நட்டுக் காப்பாற்றிவிட்டார்கள்.

மீனுக்கும் இதையே செய்கிறார்கள். முட்டை கருவுறும்போது தன்னிடம் இருக்கும் உபரித் தொகுதி ஒன்றை வெளியே தள்ளும். சரியாக அந்தச் சில நிமிஷத்தில் முட்டைக்குச் சூடோ, குளிரோ, கடுமையான அழுத்தமோ கொடுத்தால் தள்ள முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். ரோகுவுக்கு இயல்பாக 50 குரோமோசோம். அதிர்ச்சி கொடுத்தால் 75. இந்த வேலையை ஒடிசாவின் கௌசல்யாகங்காவில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1990 வாக்கிலேயே ரோகுவில் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் கால்வாய்க் களையைத் தின்னப் புல்கெண்டை விடுகிறார்கள். பல மாநிலங்களில் மூன்று தொகுதி மீன் மட்டும்தான் விடலாம். பண்ணைக்காரர் ஒவ்வொரு மீனாக ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகே வண்டி ஏற்ற வேண்டும். அதிர்ச்சி வைத்தியம் எல்லா முட்டையிலும் பலிக்காது என்பதால் இந்தக் கெடுபிடி. அப்படியும் ஈரி ஏரியில் விழும் சாண்டஸ்கி ஆற்றில் புல்கெண்டை முட்டை போடுவதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

திலாப்பியாவில் இது ஏன் பரவவில்லை? ரோகு ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் முட்டை போடும். தொட்டியோடு சூடு காட்டலாம். திலாப்பியா ஒரு தடவைக்குச் சில நூறு போட்டு உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தாயாகத் தேடிப் பிடித்து, நிமிஷக் கணக்கில் முட்டையைப் பிதுக்கி எடுத்துச் சூடு காட்டி, ஒரு குஞ்சை என்ன விலைக்கு விற்பார்கள்?

நார்வேக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுக்குச் சால்மன் மீன் என்றால் நமக்கு நெல் மாதிரி. கடலில் கட்டிய கூண்டு கிழிந்து பண்ணைச் சால்மன் தப்பி ஆறு ஏறி, காட்டுச் சால்மனோடு கலந்தது. சோதித்துப் பார்த்த ஆறுகளில் பாதிக்கு மேல் பண்ணை மீனின் கலப்பு தெரிந்தது. மூன்று தொகுதிச் சால்மன் வளர்த்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு கோணல், கண்புரை, தண்ணி கொஞ்சம் சூடானாலும் தாங்காமை. பிறகு பெர்கன் நகரத்துக் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2016-ல் ஒன்று செய்தார்கள். 'டெட் எண்ட்', அதாவது முட்டுச்சந்து, என்று பெயர் வைத்த ஒரு மரபணு உண்டு. கருவில் அது வேலை செய்தால்தான் பின்னாளில் முட்டையாகவும் விந்தாகவும் மாறும் செல்கள் பிழைக்கும். கிரிஸ்பர் முறையில் அந்த மரபணுவை முடக்கினார்கள். சால்மன் வளர்ந்தது, உடம்பு பிடித்தது, ஆனால் பருவத்துக்கே வரவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த பெரியப்பா, "அது சரிடா, குஞ்சு போடாத மீனுக்கு அடுத்த வருஷம் குஞ்சு எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். விஞ்ஞானிகளும் அந்தக் கேள்வியில்தான் நாலு வருஷம் நின்றார்கள். முடக்கிய கருவிலேயே அந்த மரபணுவின் செய்தியை மட்டும் ஒரு ஊசியில் ஏற்றினால், அந்த மீன் முட்டை போடும் தகுதியோடு வளரும். ஆனால் ஊசி அதன் உடம்போடு சரி, பிள்ளைகளுக்குப் போகாது. அதனால் பிள்ளைகள் இனப்பெருக்கம் செய்யாது. 2020-ல் இந்த வழியை வெளியிட்டார்கள். ஆராய்ச்சி அளவில்தான். இந்தியாவில் மரபணு மாற்றிய மீன் எதற்கும் வணிக அனுமதி கிடையாது.

இன்னொரு விஷயம். இந்த மீனைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மலட்டு மீன்' என்று எழுதுகிறார்கள். நானும் பேச்சில் அப்படித்தான் சொன்னேன். "ஏங்க, அந்த வார்த்தை நம்ம வீட்டுல வேணாங்க" என்றாள் மனைவி. அந்த வார்த்தையால் ஊரில் எத்தனை பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாழைக்குச் சொல்வது போல மீனுக்கும் விதையில்லா மீன் என்றே சொல்வோம்.

இப்போது நீங்கள் கேட்கலாம். விதை உரிமை, விதை உரிமை என்று பேசுகிற விவசாயி, விதையில்லாததை எப்படி ஏற்பது? நியாயமான கேள்வி. 1998-ல் அமெரிக்காவில் 'டெர்மினேட்டர்' விதைக்குக் காப்புரிமை வந்தபோது இங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் முளைக்காது. ஒவ்வொரு வருஷமும் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். 2001-ல் வந்த நம்முடைய தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் அப்படிப்பட்ட ரகத்தைப் பதிவு செய்யவே முடியாது என்று எழுதிவிட்டார்கள். நல்ல சட்டம்.

ஆனால் நெல்லையும் மீனையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனசு வரவில்லை. என் நெல் ஓடை வழியாகப் போய் விருத்தாசலத்தில் குடும்பம் நடத்தாது. முளைக்காத நெல் என் உரிமையைப் பறிக்கிறது, ஊருக்கு அதனால் லாபம் இல்லை. விதையில்லா மீனில் கணக்கு வேறு. கெண்டைக்கு இன்றைக்கும் நான் குஞ்சுப் பண்ணைக்குத்தான் போகிறேன். வீட்டிலேயே குஞ்சு எடுக்கும் உரிமை என்று ஒன்று என் கையில் இருந்ததே இல்லை, அதனால் நான் இழப்பது கொஞ்சம். கிடைப்பது எனக்கு இல்லை. ஓடையில் தூண்டில் போடும் பையனுக்கு, ஏரி ஏலம் எடுத்தவருக்கு, கீழே வெள்ளாற்றில் வலை வீசுகிறவருக்கு. மலை மேலேயும் இப்போது குட்டைகள் வெட்டுகிறார்கள். அங்கே வழிவது நேராக அணைக்குத்தான் வரும். பயன் ஊருக்கு என்றால் அந்தக் குஞ்சின் கூடுதல் விலையைத் தனி விவசாயி தலையில் கட்டக்கூடாது. அரசுக் குஞ்சுப் பண்ணையே தயாரித்து, சோதித்து, சாதாரண விலைக்குக் கொடுக்க வேண்டும். காப்புரிமை வாங்கிய ஒரே கம்பெனியிடம் போய் நிற்கும் நிலை வந்தால், டெர்மினேட்டர் கதை வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்ததாகிவிடும்.

மகன் விடவில்லை. "நாம விடலேன்னா மட்டும் ஓடையில திலாப்பியா இல்லாமலா இருக்கு?" என்றான். இருக்கிறது. அதற்குத் துணை அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில். கூடவே இன்னொன்றும் சொன்னேன். ஓடையில் இருந்து தள்ளி, மேட்டு நிலத்தில், கரை உயர்ந்த குட்டை இருந்திருந்தால் அனுமதி வாங்கி நானே விட்டிருப்பேன். திலாப்பியா மேல் எனக்குக் கோபம் இல்லை. முள் குறைவு, குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும், கொஞ்சம் ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும். இடம்தான் சரியில்லை.

ஒருவழியாக முடிவு செய்தாகிவிட்டது. இந்த வருஷமும் கட்லா, ரோகு, மிர்கால். பெரிய குஞ்சாக வாங்கி விட்டால் பத்து மாசத்தில் பிடிக்கலாம் என்று மகனே ஒரு சமாதானம் கண்டுபிடித்திருக்கிறான். ஐப்பசி மழைக்கு முன்னால் கரையை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும், வழியும் இடத்தில் இரண்டடுக்கு வலை கட்ட வேண்டும். ஜேசிபிக்குச் சொல்லியாச்சு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மீன் கடையில் ஜிலேபி வாங்கும்போது "எந்த ஏரி, எந்தப் பண்ணை?" என்று கேளுங்கள். பண்ணை மீன் என்றால் அனுமதி வாங்கிய பண்ணையா என்றும் கேளுங்கள். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார். பத்து பேர் கேட்டால் அவர் வியாபாரியிடம் கேட்பார், வியாபாரி எங்களிடம் கேட்பார். ஏரியில் தானாகப் பெருகியதைப் பிடித்து விற்றால் தாராளமாக வாங்குங்கள். எவ்வளவு தின்கிறீர்களோ அவ்வளவும் ஓடைக்கு லாபம்.